பதற்றத்துக்கான மாத்திரையைக் குறைக்கும் நாட்களில் பைக் ஓட்டலாமா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பேனிக் அட்டாக் என்ற திடீர்க் கடும் பதற்றம் வந்ததால் ஒரு வருஷமாக இரவில் குளோனசிபாம் 0.5 மி.கி., காலையில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருகிற எஸ்சிடலோபிராம் 10 மி.கி. சாப்பிடுகிறீர்கள். வேலைக்குப் போய்வர தினமும் பைக்கில் 50 கிலோமீட்டர். இப்போது டாக்டர் குளோனசிபாமைக் குறைத்து நிறுத்தலாம் என்கிறார். அந்த நாட்களில் பைக் ஓட்டலாமா, சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்கிறீர்கள். ஆனால் நடுவில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: தூரமாகப் போகவேண்டிய நாளுக்கு முந்தின ராத்திரி மட்டும் மாத்திரையை விட்டுவிடுவதாகவும், ஆனால் மறுநாள் இன்னும் மோசமாக இருப்பதாகவும். உங்கள் உண்மையான கேள்வி அங்கேதான் இருக்கிறது. மாத்திரையோடு ஓட்டுவது ஆபத்தா, மாத்திரை இல்லாமல் ஓட்டுவது ஆபத்தா? இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆனால் அது எல்லா நாளும் ஒரே அளவில் இருப்பதில்லை. எந்தெந்த நாட்களில் அதிகம் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். வண்டி ஓட்டுவதற்காக மாத்திரையை விடுவதை மட்டும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

நான் மனநல மருத்துவர். அரசு மருத்துவமனை ஓ.பி.யிலும் பிறகு சொந்த கிளினிக்கிலுமாகப் பல வருஷம் இந்த மாத்திரைகளை எழுதியும் இருக்கிறேன், நிறுத்தியும் இருக்கிறேன். உங்களை நேரில் பார்க்கவில்லை. உங்களுக்கு வேறு நோய் இருக்கிறதா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா, முன்பு வலிப்பு வந்திருக்கிறதா என்பதெல்லாம் எனக்குத் தெரியாது. அதனால் உங்கள் டோஸை நான் இங்கே முடிவு செய்ய முடியாது, அது உங்கள் டாக்டர் வேலை. அவரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதை மட்டும் சொல்ல முடியும்.

குளோனசிபாம், அல்பிரசோலம், லோராசிபாம், டயசிபாம் எல்லாம் பென்சோடயசிபைன் என்ற ஒரே குடும்பம். மூளையில் நரம்புகளை அமைதிப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையை இவை அதிகப்படுத்துகின்றன. பயம் அடங்குகிறது, தசை தளர்கிறது, தூக்கம் வருகிறது. ஆனால் மூளை பயத்தை மட்டும் தனியாகப் பிரித்து மெதுவாக்குவதில்லை. கவனம், கண் கை ஒத்துழைப்பு, சமநிலை எல்லாமே கொஞ்சம் மந்தமாகின்றன. ரோட்டில் இதற்கு என்ன அர்த்தம் என்று பாருங்கள். 60 கி.மீ. வேகத்தில் போகும் பைக் ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் கடக்கிறது. முன்னால் போகிற ஷேர் ஆட்டோ ஆளை ஏற்றத் திடீரென்று நிற்கிறது; நீங்கள் பிரேக்கைத் தொட அரை நொடி கூடுதலாக ஆனால், பிரேக் பிடிப்பதற்கு முன்பே 8 மீட்டர் அதிகமாகப் போயிருப்பீர்கள். நம் ஊரில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே 8 மீட்டர் இடைவெளி விட்டு யாரும் ஓட்டுவதில்லை.

இதை நெதர்லாந்தில் நன்றாக அளந்திருக்கிறார்கள். 1980களிலிருந்தே அங்கே இதற்கென்று ஒரு சோதனை முறை இருக்கிறது. மருந்து சாப்பிட்டவரை நிஜமான நெடுஞ்சாலையில், 95 கி.மீ. வேகத்தில், சுமார் 100 கிலோமீட்டர் தூரம் காரை ஓட்டச் சொல்வார்கள். பக்கத்தில் பயிற்றுநர் இருப்பார், அவர் காலடியிலும் பிரேக் இருக்கும். செய்யவேண்டியது ஒன்றுதான்: லேன் நடுவிலேயே நேராகப் போகவேண்டும். காரில் பொருத்திய கேமரா, வண்டி பக்கவாட்டில் எவ்வளவு அலைகிறது என்று அளந்துகொண்டே வரும். ரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருந்தால் அந்த அலைச்சல் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் கூடுகிறது. நம் நாட்டுச் சட்ட வரம்பு இன்னும் குறைவு, 0.03. மருந்துகளை இந்த அளவோடு ஒப்பிட்டார்கள். அல்பிரசோலம் 1 மி.கி. சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் ஓட்டியவர்களின் அலைச்சல் அதை வெகுவாகத் தாண்டி, நன்றாகக் குடித்தவர் ஓட்டும் நிலைக்குப் போயிருந்தது. இதில் கலந்துகொண்டவர்கள் பதற்ற நோய் இல்லாத, அந்த மாத்திரைக்குப் பழகாத ஆட்கள் என்பதை மறக்கக்கூடாது. ஒரு வருஷமாகச் சாப்பிடுகிற உங்களுக்கு அதே எண் பொருந்தாது. ஆனால் யாராவது “நான் 0.5 போட்டாலே ஒன்றும் ஆகாது, நீயும் போடு” என்று தன் ஸ்ட்ரிப்பிலிருந்து ஒன்றைக் கிள்ளிக் கொடுத்தால் இந்த முடிவை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு அதிகம் கவலை தருவது, பாதிக்கப்பட்டவருக்கே அது தெரிவதில்லை என்பதுதான். பதற்றத்தைக் குறைக்கிற மருந்து, வண்டி ஓட்டும்போது வரவேண்டிய நியாயமான எச்சரிக்கையையும் சேர்த்துத்தான் குறைக்கிறது. “நல்லாத்தான் சார் ஓட்டுறேன், முன்னைவிட நிதானமா இருக்கேன்” என்று ஓ.பி.யில் சொல்கிறவரின் பக்கத்தில் மனைவி உட்கார்ந்துகொண்டு இல்லையென்று தலையை ஆட்டுவார். “ஸ்பீடு பிரேக்கர் வர்றதே இவருக்குத் தெரிய மாட்டேங்குது, நான் பின்னாடி இருந்து சொல்ல வேண்டியிருக்கு” என்பார். இப்படி இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் நான் பின் சீட்டில் வருகிறவரைத்தான் நம்புவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

ஆயிரக்கணக்கானவர்களின் விபத்துப் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், இந்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு விபத்து வாய்ப்பு ஏறக்குறைய 60 முதல் 80 சதவீதம் கூடுவதாகத் தெரிகிறது. மதுவும் சேர்ந்தால் அது பல மடங்காகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் முதியவர்களிடம் செய்து 1997ல் வெளியான ஓர் ஆய்வு நம் விஷயத்துக்கு நெருக்கமானது. உடம்பில் நீண்ட நேரம் தங்கும் வகை மாத்திரையை (குளோனசிபாமும் இந்த வகைதான்) ஆரம்பித்த முதல் வாரத்தில் விபத்து 45 சதவீதம் அதிகம். குறுகிய நேரமே தங்கும் வகையில் அப்படிக் கூடவில்லை. ஆனால் இந்த மாதிரி ஆய்வுகளில் ஒரு சிக்கல் உண்டு. மாத்திரை சாப்பிடுகிறவருக்கு ஏற்கெனவே பதற்றமும் தூக்கமின்மையும் இருக்கும், அவையே விபத்துக்குக் காரணமாகலாம். எவ்வளவு பங்கு நோய்க்கு, எவ்வளவு மருந்துக்கு என்று சுத்தமாகப் பிரிக்க முடியாது. அதனால் 60, 80 என்ற எண்களைவிட, மேலே சொன்ன நேரடி ஓட்டச் சோதனைகளையே நான் அதிகம் நம்புகிறேன்.

ஆரம்பித்த முதல் சில வாரங்களும், டோஸ் கூட்டிய பின் வரும் நாட்களும் ஆபத்தானவை என்பது உறுதியான விஷயம். ஆனால் உங்களைப்போல் ஒரு வருஷம், அதற்கு மேல் என்று சாப்பிடுகிறவர்கள் விஷயத்தில் ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. தூக்கக் கலக்கம் சில வாரங்களில் பழகிவிடுகிறது. நேராக ஓட்டும் திறமையும் பல வருஷம் சாப்பிட்டவர்களிடம் ஓரளவு திரும்பியிருப்பதைக் கண்டிருக்கிறார்கள். ஆனால் அதே ஆட்களுக்குக் கவனத்தையும் வேகத்தையும் அளக்கும் தேர்வு வைத்தால் குறை தெரிகிறது. இன்னொன்றும் உண்டு: இந்தச் சோதனைகள் எல்லாம் காரில், சீரான நெடுஞ்சாலையில் நடந்தவை. பைக்குக்குச் சமநிலை வேண்டும், அதையும் இந்த மாத்திரைகள் கெடுக்கும். முதியவர்கள் இவற்றால் கீழே விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொள்வது எல்லா டாக்டர்களுக்கும் தெரிந்த கதை. அதனால் கார் சோதனையின் நல்ல முடிவை அப்படியே பைக்குக்கு எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வருவதில்லை.

இப்போது நீங்கள் செய்துவந்த காரியத்துக்கு வருகிறேன். குளோனசிபாமின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 30 முதல் 40 மணி நேரம் ஆகும். தினமும் சாப்பிடும்போது முந்தின நாள் மருந்து தீர்வதற்குள் அடுத்தது உள்ளே போகிறது. இப்படிச் சேர்ந்து சேர்ந்து, ஒரே ஒரு மாத்திரை போட்டால் இருக்கும் அளவைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கில் நிலைபெறுகிறது. ஒரு ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டு மறுநாள் காலை 7 மணிக்கு பைக்கை எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். கடைசி மாத்திரை போட்டு சுமார் 33 மணி நேரம் ஆகியிருக்கும், ரத்தத்தில் அப்போதும் பாதி மருந்து இருக்கும். அதாவது மருந்து உங்களை விட்டுப் போகவும் இல்லை, தூக்கத்தைத் தரும் அளவுக்கு இருக்கவும் இல்லை. ராத்திரி புரண்டு புரண்டு படுத்திருப்பீர்கள், காலையில் நெஞ்சு படபடக்கும், கை லேசாக நடுங்கும். அந்த நிலையில் தூரப் பயணம். மாத்திரையின் மந்தமும் மாத்திரை குறைந்ததன் தவிப்பும் ஒன்றாக இருக்கிற நாளைத்தான் நீங்கள் வண்டிக்கென்று தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். மோசமாக இருந்ததில் வியப்பே இல்லை.

திடீரென்று முழுவதுமாக நிறுத்துவது இதைவிடப் பெரிய ஆபத்து. மாதக்கணக்கில் மாத்திரை இருந்தால் மூளை அதற்கு ஈடுகொடுத்துத் தன்னைக் கொஞ்சம் முடுக்கி வைத்துக்கொள்கிறது. மாத்திரையைச் சட்டென்று எடுத்தால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சுகிறது. பதற்றம் முன்னைவிட அதிகமாகும், தூக்கம் போகும், வியர்க்கும், வெளிச்சமும் சத்தமும் தாங்காது, சிலருக்குத் தன்னையே வெளியிலிருந்து பார்ப்பதுபோல் இருக்கும். சிலருக்கு வலிப்பு வரும். அல்பிரசோலம் போலக் குறுகிய நேரம் வேலை செய்யும் மாத்திரைகளில் நிறுத்திய முதல் சில நாட்களிலேயே வரலாம். குளோனசிபாம், டயசிபாம் என்றால் ஒரு வாரம் கழித்தும் வரலாம். மினி லாரி ஓட்டும் ஒருவர் மருந்துக் கடையில் பழக்கத்துக்கு அல்பிரசோலம் வாங்கிப் பல மாதம் சாப்பிட்டுவந்தார். அந்த மருந்து எச்1 பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டு இல்லாமல் தரக்கூடாது, சீட்டு பார்த்துத் தந்தாலும் பதிவேட்டில் எழுதவேண்டும். ஒருநாள் கடைக்காரர் மறுத்துவிட்டார். இவரும் “சரி, இத்தோட விட்டுடுவோம்” என்று இருந்துவிட்டார். மூன்றாம் நாள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது வலிப்பு. என்னிடம் வரும்போது நாக்கின் ஓரத்தில் கடித்த காயம் ஆறாமல் இருந்தது, பேசும்போதெல்லாம் வாயைக் கோணிக்கொண்டார். வலிப்பு வந்த அன்று ராத்திரி அவர் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பவேண்டியவர். அவர் செய்ததில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, விடவேண்டும் என்றுதான் விட்டார். எப்படி விடுவது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மெதுவாகக் குறைக்கும்போது வலிப்பு மிக அரிது. அப்போது ரோட்டில் உங்களுக்கு எதிரி தூக்கமின்மைதான். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தவரின் செயல்திறன் 0.05 சதவீதம் மது அருந்தியவருடையதற்கு நிகராகக் குறைகிறது என்பது 1997லேயே அளந்து சொல்லப்பட்ட விஷயம். குறைப்பின் நடுவே இரண்டு இரவு சரியாகத் தூங்காதவர், மாத்திரையே சாப்பிடாவிட்டாலும் வண்டி ஓட்டத் தகுந்த நிலையில் இருக்கமாட்டார். ஒன்றை இங்கே சொல்லியாகவேண்டும். மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருப்பவர்களையே ரோட்டில் ஓட்டவைத்துச் சோதித்த ஆய்வுகள் மிகவும் அரிது. தூக்கமின்மை, நடுக்கம், கவனச் சிதறல், வலிப்பு என்று தனித்தனியாகத் தெரிந்தவற்றைச் சேர்த்துத்தான் நான் இதைச் சொல்கிறேன்.

எவ்வளவு மெதுவாகக் குறைப்பது? இங்கிலாந்தின் நியூகாசிலில் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே கிளினிக் நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், வேகத்தை நோயாளியின் உடம்பு தீர்மானிக்கட்டும் என்ற வழியைக் காட்டினார். 2025ல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல், முதலில் 5 முதல் 10 சதவீதம் குறைத்து, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை பார்க்கச் சொல்கிறது. எப்படியும் இரண்டு வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. நம் ஊரில் 0.5லிருந்து நேராக 0.25 என்று எழுதுவது சகஜம். அது ஒரே அடியில் 50 சதவீதம். பலருக்குத் தாங்குகிறது, சிலருக்குத் தாங்குவதில்லை. 0.25 மாத்திரை ஒன்றும் பாதியுமாக, 0.375 என்று ஒரு படி நடுவில் வைக்க முடியுமா என்று உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

குறைக்கும் கிழமையையும் அவரோடு பேசுங்கள். வெள்ளிக்கிழமை ராத்திரி குறைத்தால் சனி, ஞாயிறு வீட்டில் இருக்கலாம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். குளோனசிபாமில் அந்தக் கணக்கு தப்பு. மருந்து மெதுவாக இறங்குவதால் குறைத்ததன் தாக்கம் அன்றே தெரியாது, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளிலிருந்துதான் தெரியும். வெள்ளி குறைத்தால் சங்கடமான நாட்கள் திங்கள், செவ்வாய் காலை டிராஃபிக்கில் வந்து விழும். அதனால் வேலைக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு நான் புதன் ராத்திரியைச் சொல்வேன், தாக்கம் சனி ஞாயிறில் வரட்டும் என்று. இது ஆய்வு செய்து நிரூபித்ததல்ல, மருந்து இறங்கும் வேகத்தை வைத்து நான் போடும் கணக்கு. அல்பிரசோலம் சாப்பிடுகிறவர்களுக்கு இது பொருந்தாது, அவர்களுக்கு மறுநாளே தெரிந்துவிடும். ஒவ்வொரு முறை குறைத்த பிறகும் முதல் ஒரு வாரம் பஸ்ஸிலோ டிரெயினிலோ நண்பர் வண்டியிலோ போக முடிந்தால் போங்கள். இரண்டு இரவு தொடர்ந்து நன்றாகத் தூங்கி, நடுக்கமும் தலைசுற்றலும் இல்லையென்றால் முதலில் பகலில், பழகிய ரோட்டில், குறைந்த தூரம் ஓட்டிப் பாருங்கள்.

சட்டைப் பையில் வைத்திருக்கும் அவசர மாத்திரையைப் பற்றியும் சொல்லவேண்டும். போகிற வழியில் படபடப்பு வந்தால் ஓரம்கட்டி அல்பிரசோலம் 0.25 ஒன்றைப் போட்டுக்கொண்டு, ஐந்து நிமிஷத்தில் மறுபடி வண்டியை எடுப்பவர்கள் நிறையப் பேர். அந்த மாத்திரை ரத்தத்தில் உச்சத்துக்குப் போக ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அதாவது நீங்கள் ரோட்டில் இருக்கும்போதுதான் அது முழுவேகத்தில் வேலை செய்யும். இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்குங்கள், இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி நில்லுங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். பேனிக் அட்டாக் பெரும்பாலும் சில நிமிஷங்களில் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கும். மாத்திரை போட்டே ஆகவேண்டும் என்றால் போடுங்கள், ஆனால் அன்றைய மீதிப் பயணம் வேறு யாராவது ஓட்டட்டும்.

எஸ்சிடலோபிராமைப் பற்றி அதிகம் பயப்படவேண்டியதில்லை. ஆரம்ப நாட்களில் குமட்டல், தூக்கக் கோளாறு இருக்கலாம். பழகியபின் அந்த வகை மருந்துகள் ஓட்டும் திறமையைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. ஆனால் அதையும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் தலைக்குள் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற உணர்வும் வரும், அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் குறைக்காதீர்கள். சளி மாத்திரையிலும் கவனம் வேண்டும். குளோர்பெனிரமின் கலந்த மாத்திரை தூக்கக் கலக்கம் தரும், குளோனசிபாமோடு சேர்ந்தால் அது இன்னும் அதிகமாகும். ஜோல்பிடெம் தூக்க மாத்திரையை இதற்குப் பதிலாக யாராவது கொடுத்தால், 2013ல் அமெரிக்க மருந்துத் துறை பெண்களுக்கு அதன் டோஸை 10லிருந்து 5 மி.கி. ஆகப் பாதியாக்கியதைத் தெரிந்துகொள்ளுங்கள். மறுநாள் காலை வண்டி ஓட்டும் நேரத்திலும் சிலர் ரத்தத்தில் மருந்து அதிகமாக இருந்ததுதான் காரணம். குறைக்கும் காலம் முழுவதும் மது ஒரு சொட்டும் வேண்டாம்.

சட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 185வது பிரிவு மதுவோடு நிற்பதில்லை. வண்டியைக் கட்டுப்படுத்த முடியாத அளவுக்கு மருந்தின் தாக்கத்தில் இருந்தாலும் குற்றம்தான். முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். டாக்டர் சீட்டு கையில் இருக்கிறது என்பதற்காக அந்தப் பிரிவு தனி விலக்கு எதுவும் தரவில்லை. போலீஸ் ஊதச் சொல்லும் கருவி மதுவை மட்டுமே காட்டும், அதில் ஒன்றும் வராது என்பதால் நீங்கள் ஓட்டத் தகுதியானவர் என்றும் ஆகிவிடாது. பிரிட்டனில் 2015 மார்ச்சிலிருந்து குளோனசிபாம், டயசிபாம் போன்றவற்றுக்கு ரத்த அளவிலேயே வரம்பு வைத்திருக்கிறார்கள். டாக்டர் சொன்னபடி சாப்பிட்டு, ஓட்டும் திறமையும் கெடாமல் இருந்தால் அங்கே அதைத் தற்காப்பாகச் சொல்லலாம்.

அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது தினமும் 50 கிலோமீட்டர் பைக் ஓட்டுவதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். நாங்கள் பல சமயம் அதைக் கேட்பதே இல்லை. நடுநடுவே மாத்திரையை விட்ட நாட்களையும் மறைக்காமல் சொல்லுங்கள், நீங்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறீர்கள் என்று தெரிந்தால்தான் எங்கிருந்து குறைப்பது என்று அவர் முடிவு செய்ய முடியும். குறைக்கும்போது உடம்பு வெட்டி வெட்டி இழுப்பது, குழப்பம், இல்லாதது கண்ணுக்கோ காதுக்கோ தெரிவது, நினைவு தப்புவது, இதில் எது வந்தாலும் அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வண்டியை வேறு யாராவது ஓட்ட. வலிப்பு ஒருமுறை வந்துவிட்டால், டாக்டர் பரிசோதித்து எழுத்தில் அனுமதிக்கும்வரை பைக் சாவி வீட்டில் வேறொருவரிடம் இருக்கட்டும்.